கல்லூரியில் என் கை தொடாத மாடு

பண்ணை மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றுதான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தபோது நான் பார்த்தவை நகரம், பெண்கள் விடுதி, புதிய ஸ்கேன் கருவி. அங்கே சிகிச்சைக்கு வந்தவை பெரும்பாலும் நாய்களும் பூனைகளும்தான். எப்போதாவது ஒரு மாடு கன்று ஈன வந்தால், பேராசிரியர் கை விட்டுப் பார்ப்பார். நாங்கள் சுற்றி நின்று குறிப்பெடுப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடகரப்பதி கிராமத்தில் சரஸ்வதி அக்காவின் கறவை மாடு ஈன முடியாமல் தவித்தது. கன்றின் தலை பின்னால் திரும்பிக் கிடந்தது.

"தலை கைக்குச் சிக்குதுங்களா?" என்றார் அக்கா.

"சிக்குதுங்க்கா. திருப்பத்தான் முடியல."

"திருப்புங்க சாமி. அதுக்குத்தானே படிச்சீங்க."

கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, பிறகு இழுக்க வேண்டும். வரிசை நினைவிருந்தது, கைக்குப் பழக்கமில்லை. நெடுநேரம் போராடிய பிறகே எங்கள் ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டரை அழைத்தேன். அவர் வந்து எடுத்தபோது கன்று இறந்திருந்தது. கர்ப்பப்பை கிழிந்திருந்த மாடும் சற்று நேரத்தில் உயிரை விட்டது.

அக்கா திட்டவில்லை. நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடி, "எங்க ஊட்டுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானுங்க" என்றார்.

இப்போது சிக்கலான ஈற்று என்றால் முதலிலேயே மூத்த டாக்டரை அழைத்துவிடுகிறேன். அவர் பக்கத்தில் நின்று பழகுகிறேன். மாட்டு வைத்தியத்துக்கென்று கல்லூரி தேடும் பிள்ளைகளிடம், அங்குள்ள கடைசி வருட மாணவர்களைச் சந்தித்து, "நீங்களே கை விட்டுக் கன்று எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொல்கிறேன். அவர்கள் 'இல்லை' என்றால், வேறு கல்லூரி பாருங்கள் என்கிறேன்.