அளவு ஜாக்கெட் கேட்காதவள்

என் மனைவி அளவு ஜாக்கெட் கேட்கமாட்டாள். நூம்பலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தத் தையல் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். புதுத் துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றையும் மடித்து எடுத்துப் போக வேண்டும். அது திரும்பி வரும்வரை அதற்கான புடவை பீரோவில் தூங்கும். எங்கள் வீட்டு முன்னறையில் தைக்கிற இவளிடம் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு தடவை அளவெடுத்தால் எடுத்ததுதான். ஐந்து வருஷம் கழித்து வந்து நின்றாலும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணியைக் கொடுத்துவிட்டுப் போ என்பாள். செம்பரம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள் என்பது அவள் கட்சி. லேசுப்பட்ட பெருமை இல்லை.

அந்தப் பெருமை முழுவதும் ஓர் உள்ளங்கைக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கல்யாணமான புதிதில் ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையொன்றில் எனக்காக நான் வாங்கியது. பச்சைத் திரை, எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி, இரண்டு சின்ன பேட்டரி செல், உட்கார வைக்க ஒரு தாங்கி. இரண்டு நாள் விளையாடிவிட்டு அலமாரியில் போட்டேன். வருகிறவர்களின் அளவு எழுத அவள் எடுத்துக்கொண்டாள். இங்கிலீஷ் எழுத்தை அது கேட்கிற மாதிரி எழுதினால்தான் அதற்குப் புரியும். அவளும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அதன் இஷ்டப்படியே எழுதிப் பழகினாள். இங்கிலீஷ் 'ஏ'வுக்கு நடுக்கோடு போடக்கூடாது என்பது அதன் சட்டம். இன்றைக்கும் பாங்கில் படிவம் நிரப்பும்போது நடுக்கோடு இல்லாமல்தான் எழுதுகிறாள். எத்தனையோ முறை அளவுகளைப் போனில் ஏற்றிக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். போன் பத்து பேர் கைக்குப் போகும், இது என் கையை விட்டுப் போகாது என்று முடித்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். சிலர் வந்தால் இவள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வாசல்தான். திருமழிசை எஸ்டேட்டில் காலை ஷிப்டு முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதன், காலி டிபன் பாக்ஸோடு தன் வீட்டு வாசலிலேயே காவல் நிற்க வேண்டும். அதிலும் தெருக்கோடியில் பச்சை கேட் வீட்டு அக்கா வந்தால் ஒரு மணி நேரம் நிச்சயம். உள்ளே அந்த அக்கா சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். ஜாக்கெட் தைக்கிறார்களா, ஊர்க்கதை தைக்கிறார்களா என்று நான் கேட்காத நாளில்லை.

போன ஆவணியில் கல்யாண வேலை குவிந்திருந்த நேரம், திரையில் செல் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. மாற்றினால் போயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தக் காலத்துச் சாமானில் செல் இல்லாவிட்டால் நினைவும் இல்லை. மாற்றுகிற ஒரு நிமிஷத்துக்கு மட்டும் தாங்கிப் பிடிக்க உள்ளே கடுகளவில் ஏதோ இருக்கிறது. முந்தைய தடவை மாற்றியபோதே கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிட்டது, அளவுகள் மட்டும் ஏதோ புண்ணியத்தில் தப்பித்தன. பூந்தமல்லியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன், அவனே பார்த்துவிட்டு அடுத்த தடவை தாங்காது என்று கையை விரித்துவிட்டான். செல் தீர்ந்தாலும் போச்சு, கழற்றினாலும் போச்சு.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளேன் என்றேன். திரை எரிந்துகொண்டிருந்தால் பாதி எழுதுவதற்குள் செல் தீர்ந்துவிடும் என்றாள். போகட்டும், எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அளவெடுத்தால் ஆயிற்று என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றே எனக்கு விளங்கவில்லை. பெருமை போய்விடுமே என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

உடனே நெஞ்சை நிமிர்த்தினேன். என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் ஓடுகிறது. யூனிக்ஸ் பரம்பரை, யாருக்கும் கைகட்டி நிற்காத சாதனம் என்று பத்து வருஷமாக வீட்டில் பிரசங்கம் செய்து வருகிறேன். இந்த மாதிரிப் பழைய கருவியோடு பேசுவதற்கென்றே யாரோ நல்லவர்கள் திறந்தமூல மென்பொருள் எழுதி உலகத்துக்கு இனாமாக விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கி, நிறுவி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் காப்பி எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இன்னா வேணா காப்பி பண்ணிக்கோ. உள்ள பூந்து படிக்காத."

இடுப்பளவும் தோளளவும் படித்து நான் என்ன பரீட்சையா எழுதப் போகிறேன் என்று சிரித்தேன். சத்தியமும் செய்தேன்.

ஞாயிறு காலை தொடங்கியது. மென்பொருள் பட்டியலில் அந்த நிரல் இல்லை. இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று எடுத்துவிட்டார்களாம். சரி, மூல நிரலையே இறக்கி, கம்பைல் செய்து நாமே ஓடுகிற நிரலாக்கிக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். அது இல்லை, இது இல்லை என்று அடுக்கியது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டது. சம்பந்தி வீட்டார் சீர்ப்பட்டியல் மாதிரி முடிவே இல்லை. எல்லாம் கொடுத்த பிறகு, பழைய நிரலின் எழுத்துமுறையே புதிய கம்பைலருக்குப் பிடிக்கவில்லை. திரை முழுக்கப் பிழைச்செய்தி. எந்த நாட்டுக்காரரோ, எப்போதோ ஓர் இணைய மன்றத்தில், இந்த வரியை இப்படி மாற்று என்று எழுதிவைத்திருந்தார். அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்குக் கும்பிடு போட்டு மாற்றினேன். ஓடி முடித்தது. மணி நாலு.

மத்தியானச் சாப்பாடு என்னாச்சு என்று அவள் கேட்டாள், இனாமாகக் கொடுத்தது இந்த லட்சணம்தான் என்பது போல. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நான் சிடுசிடுத்தேன்.

தாங்கியின் வயர் பழைய காலத்து அகலத் தலை. அதைக் கம்ப்யூட்டரில் செருக ஒரு மாற்று வயரை முன்தினமே பாயிடம் வாங்கி வைத்திருந்தேன். செருகினால், அந்த வாசலைத் திறக்க உனக்கு அனுமதியில்லை என்றது லினக்ஸ். என் வீட்டில், என் கம்ப்யூட்டரில், எனக்கே அனுமதியில்லை. முன்னறைக் கதவு போதாதென்று இது வேறு. அனுமதி கொடுத்து, அது செல்லுபடியாக லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும் என்பதை மறந்து, மறுபடி திட்டி, ஒருவழியாக நிரல் சொன்னது: காத்திருக்கிறேன், தாங்கியின் பொத்தானை அழுத்து.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாமி விளக்கைத் தொடுகிற மாதிரி அழுத்தினாள். கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் இணைப்பு கிடைக்கவில்லை என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கீச். ஒவ்வொரு முயற்சிக்கும் திரையில் செல்லின் மிச்சத்தைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு அவள் கருவியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

தப்பு வயரில்தான் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் பாய் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவன் நிதானமாக வயரைச் சோதித்து, நல்ல வயர் என்று திருப்பிக் கொடுத்தான். வேறு வயர் வாங்கினேன். அதுவும் உதவவில்லை, இன்னொரு கோடும் போயிற்று. செவ்வாய்க்கிழமை மறுபடி சண்டைக்குக் கிளம்பினேன். அவளும் கிளம்பினாள். கருவியையும் தாங்கியையும் ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று, கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொன்னாள்.

பாய் வயரைத் தொடவே இல்லை. தாங்கியை விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தான். கருவி உட்காருகிற அந்தப் பள்ளத்தில், அதன் காலைத் தொடுவதற்கென்று பித்தளை முனைகள் வரிசையாக நிற்கும். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமே, உள்ள இன்னா கீது தெரியுமா? சந்தனம்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என் பொறுப்பு. தையல் மெஷின், கத்தரிக்கோல், அளவு டேப், மோடம், மிக்சி, எல்லாவற்றுக்கும் பொட்டு நான்தான் வைப்பேன். எஸ்டேட்டில் லேத்துக்கு வைத்துப் பழகிய கை. அங்கே எங்கள் சித்தாந்தம் என்னவென்றால், எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும், சும்மா பெட்டி மேல் வைத்தால் மெஷினுக்குச் சேராது. அப்படித்தான் வருஷா வருஷம் அந்தத் தாங்கியின் வாய்க்குள் விரலை விட்டுக் குழைத்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும் மனசாரச் சாற்றியிருக்கிறேன். அவளுக்கு அது கருவியை நிறுத்திவைக்கிற ஸ்டாண்டு மட்டும்தான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பித்தளை முனைகளின் மேல் என் பக்தி கெட்டியாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாகத் திறந்தமூல உலகத்தையே திட்டித் தீர்த்திருந்தேன்.

பாய் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஏதோ மருந்துத் தண்ணீர் ஊற்றினான். அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, தையல் பிரிக்கிற பக்குவத்தில் ஒவ்வொரு முனையாகச் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்பும் பொடியாக உதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து செருகினோம். செல்லின் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் அழுத்தினாள். கீச். அப்புறம் திரையில் ஒவ்வொரு வரியாக ஓட ஆரம்பித்தது. போன் நம்பர்கள், நாட்காட்டி, குறிப்புகள், எல்லாம் வந்து விழுந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? செல்லைக் கழற்றினால் கருவியில் ஒன்றும் மிஞ்சாதே. அந்தச் சாக்கில்தான் குறிப்புகளைத் திறந்தேன். பெயர் எதுவும் இல்லை, அவள் ஆட்களை அடையாளத்தால் எழுதியிருந்தாள். முதலாவது தண்ணி டேங்க் ஊட்டுப் பொண்ணு. அளவுகளுக்குக் கீழே, "ஏறிடுச்சு, பழைய அளவுதான்னு சொல்லு" என்றிருந்தது. சிரித்துவிட்டேன். இரண்டாவதில், "ஒரு தோள் எறக்கம், கண்ணாடி முன்னாடி நிக்க வைக்காத." சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது பச்சை கேட் அக்கா.

"இடது பக்கம் ஆபரேசன்ல எடுத்தாச்சு. பஞ்சு வச்சு உள்துணி மெத்துனு தை. வெளிய தெரியக்கூடாது. மறுபடி அளவு எடுக்காத. எப்பவும்."

நான் மூடினேன். எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அளவெடு என்று சுலபமாகச் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. தெருமுனை வரை கேட்கிற அந்தச் சிரிப்பை நான் எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவள் டீயோடு வந்தாள். எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

"படிச்சியா?"

பொய் வரவில்லை. "மூணு" என்றேன்.

டம்ளரை என் முன்னால் வைத்தாள். "எந்த மூணுன்னு எங்கிட்ட கூட சொல்லாத. மறந்துடு."

செல்லை மாற்றினேன். பயந்த மாதிரியே கருவி ஒன்றுமறியாத குழந்தையாக விழித்தது. அதே நிரலால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இருந்த பிரதிக்குப் பூட்டுப் போட்டு, கடவுச்சொல்லை அவளையே அடிக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கால் கடுத்தது.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஊற்றி இரண்டு வாய் உள்ளே போயிருக்கும், கையில் ஒரு மஞ்சள் பையோடு பச்சை கேட் அக்கா படியேறினார். இவள் வழக்கம்போல என்னைப் பார்த்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாங்கக்கா என்றேன். வெளியே வந்து, கதவை நானே சாத்தினேன்.