சேகர் பாதியில் நிறுத்திய பாட்டு

இந்த மலாய் நாட்டில் பாட்டுக்கும் பூஞ்சை பிடிக்கும். வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். திருச்சியில் கேசட்டுக்கு எதிரி வெயில் ஒன்றுதான். ஜன்னலோரம் வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். கிள்ளானில் அலமாரிக்குள் பத்திரமாக வைத்த கேசட்டை ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தால், டேப்பின் ஓரமெல்லாம் திருநீறு பூசியது போல வெள்ளை. என் மனைவி மலர், பழைய காலுறைகளில் அரிசியை நிரப்பி முடிச்சுப் போட்டு அலமாரிக்குள் வைத்தாள். ஈரத்தை இழுக்குமாம். ஈரம் குறைந்ததோ என்னவோ, வண்டு வந்துவிட்டது. "இங்கிலீஷ் பாட்டு கேக்குற வண்டு. படிச்ச வண்டாத்தான் இருக்கும்" என்றாள்.

அலமாரியில் இருப்பவை நாற்பது சொச்சம் ராக் கேசட்டுகள். எல்லாம் என் நண்பன் சேகர் பதிந்து கொடுத்தவை. திருச்சி பாலக்கரையில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தான். வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவான். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று, ஒரு பெட்டி இசைத்தட்டுகளை அவனிடம் விட்டுப் போயிற்று. ஊரை விட்டுப் போகிறவர்கள் தூக்க முடியாமல் விட்டதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எனக்கும் சேகருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனாலேயே இருபது நிமிடம் ஓடும் பாட்டுகள் எங்களுக்குப் பிடித்தன. அவற்றில் பாடகர்கள் பாதி நேரம் பாடுவதே இல்லை.

கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து நான் வந்தபோது இந்தக் கேசட்டுகளும் கூட வந்தன. காரில் வேலைக்குப் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். ஊரில் மின்விசிறிச் சத்தத்தோடு கேட்ட ஆர்கன் வாசிப்பு, இங்கே லோரிகளுக்கு நடுவே மழையில் கேட்டபோது வேறொரு பாட்டாக இருந்தது. முன்பு அவசரக்காரனாகத் தெரிந்த கிட்டார்காரன், நெரிசலில் மாட்டிக்கொண்டபோது நிதானமானவனாகத் தெரிந்தான். மகள் கைபேசியில் எல்லாம் கிடைக்கும் என்பாள். என் கேசட் இருக்கும்போது எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

டேனியல் அங்கிளைச் சந்தித்தது பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில். வாழையிலை வருவதற்குள் ஒரு ராக் பாட்டை முனகியபடி மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பெரியவர் தலை நிமிராமலே, இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார்: "தம்பி, அது செவன் பீட் லா. நீ எட்டு தட்டுறே."

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெத்தடிஸ்ட் குடும்பம். தேவாலயத்தில் ஆர்கன் கேட்டு வளர்ந்த காது எப்படியோ ராக்கில் போய் முடிந்திருக்கிறது. பக்கத்திலேயே அவருடைய ஃபிளாட். ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டு. அன்றிலிருந்து ஞாயிறு மதியங்கள் அங்கேதான் கழிந்தன.

ஒரு ஞாயிறு, எனக்கு உயிரான ஆல்பத்தை எடுத்தார். "அங்கிள், இதை இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன். எங்க மூச்சு விடுவாங்கன்னுகூடத் தெரியும்" என்று பெருமை அடித்தேன். இரண்டாம் பக்கம் ஓடியது. டிரம் அடங்கி, ஆர்கன் தேய்ந்து, எல்லாம் மௌனமாயிற்று. "முடிஞ்சிருச்சு" என்று எழுந்தேன். என் வாய் தன்பாட்டுக்கு ஒரு தமிழ் சினிமா டூயட்டை முனக ஆரம்பித்தது.

"எங்க போறே? உக்காரு லா" என்றார்.

சில விநாடிகளில் இடி விழுந்த மாதிரி டிரம் திரும்பி வந்தது. பாட்டு இன்னும் ஆறேழு நிமிடம் ஓடியது. நான் வாழ்நாளில் கேட்டிராத ஆறேழு நிமிடம்.

"இருபத்தஞ்சு வருஷம்னு சொன்னே?" அங்கிள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நடந்தது இதுதான். சேகர் பதியும்போது ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள்ளைத்தான் பார்ப்பான். முள் படுத்துவிட்டால் பாட்டு முடிந்தது என்று கணக்கு. டேப்பை வெற்றாக விட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்பதால் மீதிக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவான். அது எல்லா ரெக்கார்டிங் சென்டரிலும் வழக்கம். இதை அங்கிளிடம் சொன்னேன். சேகர் போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததையும், விடுப்புக் கிடைத்து நான் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடைப் பெயரைச் சொல்லிப் பதிவதற்காக வைத்திருந்த மைக்கை, இந்தப் பாட்டைப் பதிந்த அன்று அவன் அணைக்க மறந்துவிட்டான். ஆர்கன் தேய்ந்ததும், டூயட் தொடங்கும் முன், அந்தக் கேசட்டில் சேகரின் குரல் இருக்கிறது. இரண்டே சொல். இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று கூச்சம். அந்தக் கேசட்டும் அப்போது பூஞ்சை பிடித்து ஓடாமல் கிடந்தது.

"கொண்டா, நான் கிளீன் பண்ணித் தரேன்" என்றார். கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு. பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து டேப்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். பென் டிரைவைக் கையில் வைத்தார். "ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ். நடுவுல யாரோ பேசுறது, சினிமாப் பாட்டு, எல்லாம் வெட்டி எறிஞ்சிட்டேன். என் ரெக்கார்டுல இருந்து மிச்சத்த ஒட்டிட்டேன். இப்பத்தான் பாட்டு முழுசு."

"கேசட் எங்க, அங்கிள்?"

"அதுவா? பூஞ்சை மத்ததுக்கும் ஒட்டும்ல. காலையில குப்பையோட போட்டுட்டேன்."

"வெட்டுனதாவது கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"அழிச்சிட்டேனே. அது எதுக்குப்பா?"

"அந்தப் பேசுறது சேகர், அங்கிள்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் லிஃப்டுக்கு நடந்தார்.

கீழே குப்பைத் தொட்டி என் நெஞ்சு உயரம். எழுபது வயதுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று பைகளை அவிழ்த்தோம். நேபாளக் காவலாளி ஓடிவந்தார். எனக்கு நேபாளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் இரவல் மொழியான மலாயில்தான் பேச்சு. என்ன தேடுகிறாய் என்று கேட்டார். நண்பனுடைய கேசட் என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் பாதிதான் வந்தது. "காவான்" என்றேன். நண்பன் என்று பொருள். காவலாளி இரண்டடி பின்வாங்கி, தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக வாக்கிடாக்கியை எடுத்தார்.

"நீ பேசாத, தம்பி. உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அங்கிள் அவருக்கு மலாயில் விளக்கினார். விளங்கியதும் காவலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானும் இறங்கினார். டுரியான் தோல்களுக்கு அடியில் அவர்தான் கேசட்டைக் கண்டெடுத்தார். சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவருக்கும் எங்கோ ஒரு காவான் இருப்பான்.

மேலே வந்து டெக்கில் போட்டோம். நாற்றம் அறையை நிறைத்தது. டிரம் அடங்கி, ஆர்கன் தேய்ந்தது. லேசாக ஒரு செருமல். பிறகு பாலக்கரைக் குரல்: "முடிஞ்சிருச்சு போல." உடனே டூயட்.

அங்கிள் டெக்கை நிறுத்தினார். "ஒன் கூட்டாளிக்கு நல்ல வாய்ஸ் லா" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "மீட்டரப் பாத்தா எனக்கும் முடிஞ்ச மாதிரிதான் இருந்திருக்கும்" என்றார்.

இப்போது பென் டிரைவில் இரண்டும் இருக்கின்றன, சேகருடைய பாட்டும் அங்கிளுடைய பாட்டும். ஞாயிறுகளில் அந்த இசைத்தட்டு சுழலும்போது, ஆர்கன் தேயும் இடத்தில் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார். நான் செருமிவிட்டு, "முடிஞ்சிருச்சு போல" என்பேன். ஊசி மௌனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில விநாடிகளில் என் வாய் பாலக்கரையில் டூயட்டைத் தொடங்கிவிடும். கால் பிரிக்பீல்ட்ஸில் டிரம்முக்காகத் தூக்கியபடி நிற்கும்.