சூடு தெரியாத கால்

என் மகள் பிறந்தபோது அவள் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு கொத்துக் கருமுடி இருந்தது. காரிமங்கலம் பக்கத்தில் இருக்கிற என் மாமனார் வீட்டில் அந்த முடிக்கு ராஜ மரியாதை.

"சாமி குறி வச்சி அனுப்பியிருக்குதும்மா. கோயில்ல முடி எறக்குற வரைக்கும் அதுமேல கத்தி படக்கூடாது" என்றார் மாமனார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் குழந்தையைக் குப்புறப் போட்டுக் காட்டினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் அதைப் பார்த்தார். சேலத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் விளக்கினார்: தண்டுவடம் அடியில் ஒரு கொழுப்புக் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, குட்டைக் கயிற்றில் கட்டிய ஆடு போல, பிள்ளை வளர வளர அது இழுபடும், ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும்.

"கால் நல்லா ஆட்டுறாளேன்னு விட்டுடாதீங்க. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன்."

"செஞ்சிக்கலாம். மொதல்ல முடிய எறக்கிடலாம்" என்றார் மாமனார். என் கணவர் தலையாட்டினார். அப்பா பேச்சுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது.

முடி இறக்கக் குலதெய்வக் கோயில் திறக்க வேண்டும். கோயிலோ பூட்டிக் கிடந்தது. முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்று பங்காளிகளுக்குள் சண்டை. ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருந்தார்கள். மாமனார் விட்டுக்கொடுத்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். ஒருவழியாகச் சமாதானம் ஆகிற சமயத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அந்த வருஷமும் கோயில் கிடையாது என்றார்கள். நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்குள் மகள் நடந்தாள், ஓடினாள். "வூடெல்லாம் ஓடுறா, என்ன கொறை அவளுக்கு?" என்று என்னைத்தான் பைத்தியக்காரி போலப் பார்த்தார்கள்.

பிறகு அவளுடைய வலது செருப்பு மட்டும் கழன்று கழன்று விழ ஆரம்பித்தது. பாவாடை எப்போதும் நனைந்தே இருந்தது. விளையாட்டுப் புத்தி என்றார்கள்.

ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கும் கணவருக்கும் நடுவில் அவள். தீய்ந்த வாடை வந்தது. வண்டியில் ஏதோ கருகுகிறது என்று கணவர் நிறுத்தினார். மகளின் வலது பாதம் சைலன்சரில் ஒட்டியிருந்தது. தோல் வழன்று உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவள் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

காயத்துக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும், கணவரின் சவரக் கத்தியை எடுத்து அந்த முடியை நானே மழித்தேன். காகிதத்தில் மடித்து மாமனார் முன்னால் வைத்தேன்.

"இந்தாங்க மாமா, இத உங்க சாமிகிட்ட குடுத்துடுங்க. புள்ளைய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் அதைத் தொடவில்லை. கணவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னதுபோலவே போனது வரவில்லை. வலது காலுக்குப் பட்டை வைத்த ஷூ. சிறுநீரைக் குழாய் விட்டு நான்தான் எடுக்கிறேன். மத்தியானம் அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கும் போகிறேன். இடது கால் தங்குமா என்பது அவள் வளர்ந்தால்தான் தெரியுமாம். குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தக் காலைக் கிள்ளிப் பார்ப்பேன். "தெரியுதும்மா" என்பாள். என் மனசுக்காகச் சொல்கிறாளோ என்று பயமாக இருக்கும். மாமனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

போன வாரம் தக்காளித் தோட்டத்து வரப்பில், ஒரு வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு அவள் இடது பாதத்தில் ஏறியது. ஊரே கேட்கும்படி அலறினாள். ஓடிப்போய்க் காலை மடியில் வைத்துக்கொண்டேன். முள்ளைப் பிடுங்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. "வலிக்குதா? நெசமா வலிக்குதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதும்மா! எடும்மா! எதுக்கும்மா சிரிக்கிற?"