தண்ணீர் வரிசையில் தேடச் சொன்னவர்

செய்தி வந்த நேரம் நான் சில்க்போர்க்கில் ஒரு கடையில், வெறும் போத்தல்களைத் திருப்பி வாங்கும் இயந்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே போத்தலை நாலாவது முறை உள்ளே தள்ளினேன். நாலாவது முறையும் அது வெளியே துப்பியது. எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அது ஜெர்மன் எல்லையில் வாங்கிய போத்தல், இங்கே செல்லாது என்று மகள் டேனிஷில், கடை முழுவதும் கேட்கும்படி விளங்கப்படுத்தினாள். அப்போதுதான் மனைவியின் அழைப்பு வந்தது.

"செல்லமுத்தண்ணை செத்துப் போயிட்டாராம். நித்திரையிலயே."

அவரைத் தெரிந்தவர்கள்தான் இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பீர்கள். ஓ.எல். பரீட்சையில் தமிழைத் தவிர மற்ற எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டவன் நான். தமிழிலும் மயிரிழையில்தான் தப்பினேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் இடத்தில் அவரும் நானும் பல வருடங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நாங்கள் ஐந்து பேர் யாழ்ப்பாணம், அவர் மட்டும் மலைநாடு. எங்களுக்குக் கதைக்க ஆயிரம் இருந்தன. அவருக்கு ஒன்றுதான்: எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்னர் அவர் வேலை செய்த மலையூர்ப் பட்டின சபை.

மலைச்சரிவில் ஒரே ஒரு தெரு. மேல்முனையில் பஸ் நிலையம், கீழ்முனையில் சந்தை, நடுவில் ஐந்தறைச் சபைக் கட்டடம். மழை பெய்தால் உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒழுகாத மூலைக்குக் கதிரையை இழுத்துக்கொள்வார்களாம். "மழைக்காலத்துல எங்க சபையில எதிர்க்கட்சியே கெடையாதுங்க" என்பார். சபைக்கு ஒரேயொரு உழவு இயந்திரம். காலையில் அது குப்பை அள்ளும். கழுவிப் பூக் கட்டினால் பின்னேரம் பிரேத ஊர்தி. இவர் தண்ணீர் திறப்பவர். மலையுச்சித் தொட்டியிலிருந்து காலையில் கீழ்த்தெருவுக்கும் மத்தியானம் மேல்தெருவுக்கும் திறந்துவிடுவார்.

"அண்ணை, எங்கட பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கே உங்கட சபையை விடச் சனம் கூட வரும்" என்று ஒருநாள் நான் நக்கலடித்தேன். மேசையே சிரித்தது.

"வரும் தம்பி. ஆனா சண்டை வந்தா தண்ணிய நிறுத்த அங்க யாரு இருக்கா?" என்றார். அதற்கும் மேசை சிரித்தது, என்னைப் பார்த்து.

இன்னொரு விசயத்தையும் சிரித்தபடிதான் சொல்வார். சபையின் எல்லை தேயிலைத் தோட்டத்து மதகோடு முடிந்துவிடும். அவர் குடியிருந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, மதகுக்கு அந்தப் பக்கம். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்டு வந்த மனுசன், மனைவி ஓடையில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் முகம் கழுவினார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினோம்.

இந்த வருடம் வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. என் தங்கை ஜெயாவும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. பெயர்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டு, ஆட்களைத் தெரியும் என்று சொன்ன எல்லோரிடமும் போனேன். பிரெடெரிசியா வரை போனேன். போருக்குத் தப்பிய சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களின் பதிவில் அப்படிப் பெயர் இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில். பிறகு ஒரு சனிக்கிழமை செல்லமுத்தண்ணையின் கதவைத் தட்டினேன்.

"எத்தனை பேருகிட்ட கேட்டீங்க தம்பி?"

"ஒண்டிரண்டு பேரிட்ட அண்ணை" என்று பொய் சொன்னேன்.

அவர் கடதாசியை வாங்கிப் பார்த்தார். "பதிவுப் புத்தகத்துல தேடாதீங்க. தண்ணி வரிசையில தேடுங்க. அங்க எல்லாரும் வந்துதான் ஆகணும்."

அவருடைய பழைய சபை பிறகு வாங்கிய தண்ணீர்ப் பவுசர் லொறியும் வவுனியாப் பக்கத்து முகாம்களுக்குப் போயிருந்தது. அவரோடு வேலை செய்த டிரைவரின் மகன்தான் இப்போது அதை ஓட்டுகிறான். ஞாயிறு தோறும் அந்தச் சபை ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்து, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரிக்கும் மனுசனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா?

"ஜெயான்னு கூப்பிட்டா நூறு பேரு திரும்பிப் பாப்பாங்க. ஒங்களுக்கு வீட்டுல பட்டப்பேரு என்ன?"

மனைவிக்குக்கூடச் சொல்லாத பெயர் அது. "அது வேண்டாம் அண்ணை."

"எங்க டவுன்ல பதினாலு லெட்சுமி இருந்தாங்க தம்பி. பட்டப்பேரு இல்லாம சபையே நடத்த ஏலாது. சொல்லுங்க."

"பூசணி."

அவர் சிரிக்கவில்லை. கவனமாக எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

அவர் தொலைபேசியில் சொல்லிவிட, பவுசர் ஓட்டும் அந்தப் பெடியன் ஒவ்வொரு நடைக்கும் பவுசரின் மேல் ஏறி நின்று, "பூசணியோட தங்கச்சி ஜெயா இருக்காங்களா?" என்று கூவியிருக்கிறான். வாளிகளோடு நின்ற சனம் அத்தனை துன்பத்துக்குள்ளும் சிரித்ததாம். நாலாம் நாள் ஒருத்தி வாளியைப் போட்டுவிட்டு, "அது என்ர அண்ணன்!" என்று கத்தியபடி ஓடிவந்தாள். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். அவனுடைய தொலைபேசியிலிருந்து ஜெயா முதலில் சொன்ன சொல்லே "பூசணியண்ணா"தான். அந்தப் பெயர் அவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ஆரண்ணா அந்த மனுசன்? எங்கட ஆளோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

இப்போது மேசையில் யாராவது தன் ஊரின் பெயரைச் சொன்னால் நான் இரண்டாவது கேள்வியும் கேட்கிறேன்: அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மற்றவர்களுக்கு விசர்க் கேள்வியாகப் படுகிறது. பதில் சொல்லத் தொடங்கியவர் அரைமணி நேரத்துக்கு நிறுத்துவதில்லை. செல்லமுத்தண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி.

இறுதிக் கிரியையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒழுகும் கூரையையும் பதினாலு லெட்சுமிகளையும் என் பட்டப்பெயரையும் சொன்னேன். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு பூப்போடப் பெட்டிக்குக் கிட்டப் போனேன். அங்கே வாய்க்குள் வைத்து விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்: ஒண்டிரண்டு பேர் இல்லை, எட்டு வீடு ஏறி இறங்கின பிறகுதான் அண்ணை, உங்கட ஞாபகம் எனக்கு வந்தது.