நீலமாகாத கிழங்கு

அந்த அறிவியல் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'ரெண்டு தடவை'. எதையும் இரண்டு முறை சொல்வார். இருபத்தொரு வருடம் நோட்ஸ் சொல்லிச் சொல்லி வாய் அப்படியே பழகிவிட்டது. வீட்டில்கூட, "டீ கொண்டு வா, கமா, டீ கொண்டு வா" என்றுதான் வரும். ஒரு நாள் அவர் மனைவி கடுப்பாகி, "முற்றுப்புள்ளி வெச்சாச்சு, நீங்களே போய்ப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நோட்ஸ், தையல் விட்டுப்போன நீல அட்டை நோட்டு ஒன்றில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் லேபுக்குள் கால் வைப்பதற்கு முதல் நாளே மூன்று கட்டத்தையும் எழுதி முடித்திருப்பார்கள். என்ன பார்த்தோம் என்பதை எழுதிவிட்டு, அப்புறம் போய்ப் பார்ப்பது! கேட்டால், "லேப்ல நின்னு எழுதினா நேரம் போயிடும்" என்பார். அவரை அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. கேட்டவனைக் கடித்துக் குதறிவிடுவார்.

ஆனால் லேப் என்றால் அந்த மனிதருக்கு உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அலமாரிக்கு அவரே பலகை அடித்தார். குழாய் ஒழுகினால் அவரே முடுக்குவார். லேப் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும், ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும்.

அந்தச் சாவிக்குத்தான் வந்தது வினை. புதிதாக வந்த தலைமையாசிரியை ஓர் உத்தரவு போட்டார். வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது மொழிப் பாடத்தோடு முடிவதில்லை, எல்லாப் பாடத்திலும் நடக்க வேண்டும். பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்களா என்று மொழி டீச்சர் எல்லா நோட்டையும் பார்ப்பார். அறிவியல் நோட்டு சரியில்லை என்றால் லேப் பொறுப்பு, சாவியோடு, இன்னொரு இளைய வாத்தியாருக்குப் போகும்.

"இதென்ன கூத்து!" என்று ஆசிரியர் அறையே அதிரக் கத்தினார். "என் நோட்டை அவங்க திருத்துறதா? அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா அவங்களுக்கு?"

மொழி டீச்சர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவரைவிடப் பத்து வயது சின்னவர், வாய் மட்டும் பத்து முழம். "தெரியாது சார். ஆனா முப்பத்தெட்டு நோட்டுல ஒரே வாக்கியம் இருந்தா, எழுதினது ஒரே ஆளுன்னு மட்டும் தெரியும்."

அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான். இவர் உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார். அவர் ஜன்னலைத் திறந்தால் இவர் சாத்துவார்.

நோட்டுகள் போயின. மூன்றாம் நாள் மொழி டீச்சர் ஒரே ஒரு நோட்டோடு லேப் வாசலில் வந்து நின்றார். கடைசி பெஞ்சில் உட்காரும் பெண்ணின் நோட்டு. வகுப்பில் அவள் வாயே திறக்க மாட்டாள், அதனால் பிள்ளைகள் அவளை 'ஊமச்சி' என்று கூப்பிடுவார்கள். உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டுப் பார்க்கிற சோதனை. மற்ற முப்பத்தேழு பேரும் 'கிழங்கு கருநீல நிறமாக மாறியது' என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்தார்கள். இந்தப் பெண் அதை அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'துளி விட்டேன். நூறு வரைக்கும் எண்ணினேன். கிழங்கு வெள்ளையாகவே இருந்தது. திரும்பவும் விட்டேன். அப்பவும் மாறவில்லை.'

அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் 'கண் எங்கே?' என்று வாத்தியாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, தண்டனையாகப் பத்து முறை, 'கிழங்கு கருநீல நிறமாக மாறியது.'

"இவ ஒருத்திதான் சார் எழுதியிருக்கா" என்றார் மொழி டீச்சர்.

"பொய் எழுதியிருக்கா! ஸ்டார்ச்சுல அயோடின் பட்டா மாறும். உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் மாறும்."

"அப்ப நாளைக்கு மேடம் முன்னாடி அவளையே செஞ்சு காட்டச் சொல்லலாமா?"

"சொல்லுங்களேன்! தாராளமாச் சொல்லுங்க!"

மறுநாள் காலை மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்னால் வந்து லேபைத் திறந்தார். ஜன்னலோரத்தில் இருந்த அயோடின் பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடி விரிசல் விட்டிருந்தது. வெயிலில் கிடந்து கிடந்து உள்ளே இருந்த பழுப்பெல்லாம் போய், கழுவி ஊற்றின தண்ணீர்போல இருந்தது. ஒரு துளி விட்டார். கிழங்கு அசையவில்லை. இன்னும் இரண்டு துளி. கிழங்கு வெள்ளையாகவே இருந்தது. எத்தனை மாதமாக இப்படி? அவருக்கே தெரியாது. பிள்ளைகள் துளி விடும்போது அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த சோதனையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்போதே போய் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மொழி டீச்சர் முன்னாலா? செத்தாலும் மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்று அந்தப் பெண் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் சாவி போய்விடும். சொல்லாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தார். நினைத்த மறு நொடியே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வந்தார்கள். தலைமையாசிரியை, மொழி டீச்சர், நடுவில் அந்தப் பெண். வெள்ளைத் தட்டில் கிழங்குத் துண்டு. பெண் விட்ட முதல் துளி தவறி மேசையில் விழுந்தது. இரண்டாவது துளி கிழங்கில் விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடத்தைத் தாண்டியது. கிழங்கு வெட்டிவைத்த மாதிரியே இருந்தது.

"என்னம்மா பாக்குறே? பயப்படாம சொல்லு" என்றார் தலைமையாசிரியை.

அவள் கிழங்கைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். "கருநீலமா மாறிடுச்சு மேடம்" என்றாள். எல்லோரும் அவளையே பார்க்கவும், "கருநீலமா மாறிடுச்சு" என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

வாத்தியாருக்கு முகமெல்லாம் எரிந்தது. இருபத்தொரு வருடத்தில் இப்படி அவரை யாரும் அடித்ததில்லை.

"இல்ல பாப்பா" என்றார். "வெள்ளையாத்தான் இருக்கு."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப இதைப் பத்து தடவை எழுதணுமா சார்?"

வாத்தியார் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி, கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.