வினாகிரியும் அமிலம்தான்

ஊர்காவற்றுறையில் நண்டு பதனிடும் நிலையமொன்றில் தரக்கட்டுப்பாட்டு அலுவலராக இருக்கிறேன். தொழிலாளரின் பாதுகாப்பும் என் பொறுப்பு. தட்டுகள் கழுவும் குளோரின் வாளிக்கு மேலே, "அமிலத்துடன் கலக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு காலை, தட்டுகள் கழுவும் றீற்றா அக்கா மூச்சு முட்டி, கண்ணீர் வழியக் கழுவும் அறையிலிருந்து ஓடிவந்தார். உவர்த் தண்ணீர்க் கறை போகட்டும் என்று வாளிக்குள் வினாகிரி ஊற்றியிருக்கிறார், நச்சுவாயு கிளம்பிவிட்டது. அவரைக் காற்றோட்டமான இடத்தில் இருத்தாமல், நான் எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன்.

"ஒட்டினதை வாசிக்கேல்லையோ அக்கா?"

இருமலுக்கிடையே அவர் சொன்னார்: "வாசிச்சனான் மிஸ். அமிலமெண்டா பற்றறிக்கு விடுறதெண்டெல்லோ நினைச்சன். வினாகிரி நாங்கள் கறிக்கு விடுறதுதானே!"

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒட்சிசன் கொடுத்தபோது, என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, அவர் தேறிவிட்டார்.

இப்போது வினாகிரி, தேசிக்காய், கழிப்பறை கழுவும் திரவம் மூன்றையும் மேசையில் வைத்து, "இதில எதை வாளிக்குள்ள விடலாம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். "விளங்கிச்சோ?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "ஓம் மிஸ்" என்பார்கள். அந்த அறிவித்தலை ஒட்டிவிட்டுக் கேட்டபோது, றீற்றா அக்காவும் அப்படித்தான் சொன்னவர்.