மஞ்சள் கால் குஞ்சுகள்

கோழிக்குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இனத்தைச் சொல்ல வல்லவர் வாப்பாவின் தம்பி சாச்சா ஒருவர்தான் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் நம்பியிருந்தது. சிலாபத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கொஞ்சக்காலம் தீன் போட்டவர். அங்கே வேலை செய்த காலத்தைவிட அதைப் பற்றிக் கதைத்த காலம்தான் அதிகம். ஆனாலும் எங்கள் ஊர் எத்தாளையில் அவரைக் கேட்காமல் சேவல் வாங்குவோர் குறைவு.

அந்த வருடம் எங்கள் கறுப்புக் கோழி அடைக்குக் கிடந்தபோது, உம்மா எங்கள் ஊர்க்கோழி முட்டைகளோடு மாமி வீட்டு முட்டைகளையும் சேர்த்து வைத்தார். மாமி, வாப்பாவுக்கு மூத்த ராத்தா. அடுத்த வளவில் இருந்தார். அவருடையவை பண்ணைக் கோழிகள். முட்டை இடுமே தவிர அடைகாக்கத் தெரியாதவை. குஞ்சுகள் இறகு முளைத்து இனம் தெரியும்வரை ஒரே தாயோடு வளரும். பிறகு அவரவர் முட்டையில் பிறந்தது அவரவருக்கு. இதுதான் எங்களுக்குள் வழக்கம்.

எங்கள் பங்கு முழுவதும் எனக்கே என்று உம்மா வாக்குத் தந்திருந்தார். அதில் நெஞ்சில் வெள்ளைப் புள்ளி விழுந்த ஒரு குஞ்சு, நான் "பா பா" என்றால் ஓடிவந்து கையில் இருந்தே அரிசிக் குருணல் கொத்தும். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அதனிடம்தான் போவேன்.

குஞ்சுகள் பொரித்த பிறகுதான் மாமா படகில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கடலுக்குப் போக ஆளில்லாத வீடாகிவிட்டது அது. ஆனால் மாமி யாரிடமும் சும்மா எதையும் வாங்கமாட்டார். உம்மா கறி கொடுத்தனுப்பினால் ஏனம் வெறுமையாகத் திரும்பாது. முருங்கைக் கீரையாவது இருக்கும்.

பிரிக்கிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சாச்சா ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற வெள்ளைச் சாரத்தோடு வந்து, வளவில் போட்ட கதிரையில் நீதவானைப் போல உட்கார்ந்தார்.

"இறகப் பாத்து ஏமாறப்படா. சேவல் கண்ட இடத்துக்கும் போய் வந்திரிக்கும். கால் பொய் சொல்லாது. மஞ்சள் கால் பண்ணை, கருங்கால் ஊர்க்கோழி."

நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். அவர் மடியில் வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, "பண்ணை" என்றார். அடுத்ததும் பண்ணை. அதற்கடுத்ததும். மாமியின் கூடை நிறைந்துகொண்டே போனது. என் கூடையில் வைக்கோல்தான் இருந்தது. கடைசியில் என் புள்ளி நெஞ்சைத் தூக்கினார்.

"இதுவும் பண்ணைதான்."

"இல்ல சாச்சா, இது எங்கட."

"டேய், நீ எத்தனை பண்ணை கண்டவன்?"

"அவன் படிக்கிற புள்ள, புத்தகத்தில பாத்திருப்பான்" என்றார் மாமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அழுகையை மறைக்கத் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் சாச்சாவின் சாரத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் மடி முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் கால் தடங்கள்.

"சாச்சா, உங்கட சாரத்துக்கும் இனம் மாறிட்டு."

குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டு எழும்பினார். முதல் நாள் அந்தியில் உம்மா குஞ்சுகளின் காலுக்கெல்லாம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசியது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மைக் கொப்புளம் வரப்பார்க்கிறது என்று சொன்னார். எனக்கு ஒரு கொப்புளமும் தெரியவில்லை.

பேசினில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து புள்ளி நெஞ்சின் காலைத் தேய்த்தேன். மஞ்சள் கரைந்து, நல்ல கருங்கால் வெளியே வந்தது.

"போதும் மகன், குளிர்ல செத்துப்போகும்" என்றார் உம்மா. நான் விடவில்லை. ஒவ்வொரு காலாகக் கழுவிக் கழுவி என் கூடையை நிறைத்தேன். வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் சாச்சா ஜும்ஆவுக்கு வேறு சாரம் உடுக்க ஓடினார்.

"கால் பொய் சொல்லாது, சாச்சா" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

அன்றிலிருந்து ஒழுங்கையில் என் பெயர் 'கோழி டொக்டர்'. மாம்புரியில் இருந்துகூட ஒருவர் குஞ்சுக் கூடையோடு என்னைத் தேடி வந்தார். சாச்சாவும் எனக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்று என் தீர்ப்பைக் கேட்டுக்கொள்வார். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு துக்கம்: ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் குஞ்சுகளில் பாதியைக் காணவில்லை, புள்ளி நெஞ்சும் அதில் ஒன்று.

"பிராந்து தூக்கிட்டு மகன்" என்றார் உம்மா. ஒரே நாளில் இத்தனையைத் தூக்கும் பிராந்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் கழுவின அவசரத்தில இவன் பிழையாப் பிரிச்சிட்டான் மதினி, இது உங்கட முட்டைதான்" என்று சொல்லி உம்மா அவற்றை மாமியிடம் கொடுத்துவிட்டு வந்த கதை, நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் என் காதுக்கு எட்டியது.

குஞ்சுகள் காணாமல் போனதற்கு அடுத்த பெருநாளைக்கு மாமி வீட்டுக்குப் போனபோது, வளவில் ஒரு கறுப்புப் பேடு நின்றது. கொண்டை சிவந்து, இறகு மினுங்கி, முட்டையிடும் பருவம். நெஞ்சில் புள்ளி எதுவும் இல்லை. குஞ்சு இறகு உதிரும்போது புள்ளியும் சேர்ந்து போய்விடும் என்பது இந்த டொக்டருக்கு அப்போது தெரியாது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிவந்து பார்த்தேன்.

"நல்ல ஊர்க்கோழி மாமி. எங்க வாங்கின?"

மாமி, "டொக்டர் சொன்னா சரிதான்" என்றார்.

நான் "பா பா" என்றேன். அது ஓடிவந்து என் வெறுங்கையைக் கொத்தியது. நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார் மாமி என்று எண்ணிக்கொண்டேன்.